எந்த விளையாட்டு என்பதற்கு முன் எந்தக் கருவி

துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளுள் சிறந்தது எது என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. ஒருவர் கவுன்டர்-ஸ்டிரைக் என்பார். மற்றொருவர் வேலரன்ட் என்பார். மூன்றாமவர் கால் ஆஃப் டியூட்டியை விட்டுக்கொடுக்கமாட்டார். இந்த விடைகள் அனைத்துக்கும் அடியில் பேசப்படாத ஓர் அனுமானம் உண்டு. கணினி, கன்சோல், கைபேசி ஆகிய மூன்றும் கேட்பவரின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன, விரும்பியதை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அது. இந்தியாவின் பெரும்பாலான வீடுகளின் நிலை அதுவன்று. அங்கே இருப்பது ஒரு கைபேசி. சில வீடுகளில் அதுவும் அண்ணன் தம்பிக்குப் பொது. ஆகவே இங்கே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே கருவி முடிவாகிவிடுகிறது. அதைப் பையனோ பெண்ணோ முடிவு செய்வதில்லை. வீட்டு வரவுசெலவு முடிவு செய்கிறது.

இதன் வரலாறு அண்மையது. 2000களின் முற்பகுதியில் நகரத்து பிரௌசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கவுன்டர்-ஸ்டிரைக் ஆடிய ஒரு தலைமுறை இருந்தது. கணினி கடைக்காரருடையது, திறமை மட்டும் ஆடியவருடையது. 2016இல் ஜியோ வந்து டேட்டாவின் விலை சரிந்தது. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து, பிரௌசிங் சென்டரே இல்லாத சிற்றூருக்கும் இவ்வகை விளையாட்டைக் கொண்டு சேர்த்தன. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது வட்டு போடும் வகையின் விலை 49,990 ரூபாய். அதற்கான புதிய பெரிய விளையாட்டு ஒன்றின் விலை ஐயாயிரத்தை ஒட்டியது. இந்தக் கணக்கைப் பார்த்தவர்களுக்குக் கைபேசி ஏன் வென்றது என்று விளக்க வேண்டியதில்லை.

கருவி மாறினால் விளையாட்டின் இயல்பே மாறிவிடுகிறது என்பதையும் கருத வேண்டும். கணினியில் மௌஸ் மணிக்கட்டின் நுண்ணிய அசைவைக் குறியாக மாற்றுகிறது. கன்சோலில் கட்டைவிரல் ஒரு சிறு குச்சியை அசைத்து அதே வேலையைச் செய்ய வேண்டும். அதனாலேயே எய்ம் அசிஸ்ட் எனப்படும் குறி உதவி அங்கே வழக்கமாயிற்று. கைபேசியில் விரல் திரையையே மறைக்கிறது. எனவே நான்கு விரலால் பிடிப்பதும், கைபேசியைச் சாய்த்துக் குறிபார்க்கும் ஜைரோஸ்கோப் முறையும் தனிக் கலைகளாக வளர்ந்தன. வேலரன்ட் 2024இல் கன்சோலுக்கு வந்தபோது, கன்சோலில் ஆடுவோரையும் கணினியில் ஆடுவோரையும் அதன் நிறுவனம் ஒரே களத்தில் மோதவிடவில்லை. கைபேசி விளையாட்டைக் கணினியில் எமுலேட்டர் வழியாக ஆடியவர்களைப் பப்ஜி மொபைலும் தனியே பிரித்தது. ஒரு கருவியில் ஈட்டிய கைப்பழக்கம் மற்றொன்றுக்கு அப்படியே செல்லாது என்பதை நிறுவனங்களே ஒப்புக்கொண்ட செய்தி இது.

அடுத்தது இலவசம் என்ற சொல். பிஜிஎம்ஐ, கால் ஆஃப் டியூட்டி மொபைல், வேலரன்ட் என எதைத் தரவிறக்கவும் காசு வேண்டாம். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். இங்கே மாடு தானமாக வரவில்லை. ஆகையால் பல்லைப் பார்ப்பதில் தவறில்லை. துப்பாக்கிக்கு ஒரு ஸ்கின், உடைக்கு ஒரு வண்ணம், பருவந்தோறும் ஒரு பாஸ் எனச் சிறுசிறு தொகைகளாகப் பணம் போகிறது. எது கிடைக்கும் என்று தெரியாமலே திறக்கும் பெட்டிகளும் உண்டு. அதைவிட முக்கியமானது, அவ்வாறு வாங்கிய எதுவும் வாங்கியவரின் உடைமை ஆவதில்லை என்பது. அது நிறுவனத்தின் சர்வரில் உள்ள ஒரு பதிவு மட்டுமே.

அப்பதிவின் ஆயுள் எவ்வளவு என்பதை இந்தியா கண்கூடாகப் பார்த்தது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. அக்டோபர் 30உடன் அதன் சேவை நாட்டில் முற்றாக நின்றது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் மாற்று வடிவம் வந்தது. பழைய கணக்கைக் குறித்த காலத்துக்குள் மாற்றிக்கொள்ளவும் வழி தரப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐயும் செயலிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டு, 2023 மே மாத இறுதியில்தான் நேரக் கட்டுப்பாடுகளுடன் மீண்டது. நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தரவும் அரசு காட்டிய காரணங்கள். அவை அற்பமானவையல்ல. ஆயினும் அம்முடிவுகளின் சுமையை இறக்கி வைக்க, ஆடியவர்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை. இதில் ஒரு முரணும் உண்டு. மின்விளையாட்டை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின்கீழ் அரசு முறையாகச் சேர்த்தது 2022 டிசம்பரில். அப்போது இந்திய மின்விளையாட்டின் முதன்மைக் களங்களுள் ஒன்றாக இருந்த விளையாட்டு கடையிலேயே இல்லை. போட்டியாளனாக வேண்டும் என்று உழைத்த பதினெட்டு வயது இளைஞனுக்கு அந்தப் பத்து மாதங்கள் சிறியவையல்ல.

அரசு மட்டுமே இதைச் செய்யும் என்பதும் இல்லை. சோனி நிறுவனம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட கான்கார்ட், இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, விளையாட்டு திரும்பவில்லை. யூபிசாஃப்டின் எக்ஸ்டிஃபையன்ட் 2024 மே மாதம் தொடங்கி 2025 ஜூனில் சர்வர்களை நிறுத்திக்கொண்டது. இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பது 1993இல் வந்த டூம். அதன் மூல நிரல் 1997இல் வெளியிடப்பட்டது. இன்றும் ஏறத்தாழ எந்தக் கணினியிலும் அதை ஆடலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். விளையாட்டுத்தானே, ஊரில் கிரிக்கெட் ஆடிய திடலில் வீடு எழும்பிவிட்டால் யாரிடம் முறையிடுவது என்று கேட்கலாம். ஒப்புமை பாதி தூரம்தான் வரும். திடல் போனாலும் மட்டை கையில் இருக்கும். அடுத்த தெருவில் ஆட்டம் தொடரும். சர்வர் போனால் திடலோடு மட்டையும் போகிறது; மட்டைக்குக் கொடுத்த காசும் போகிறது.

ஆகவே எது சிறந்தது என்று கேட்பதைவிட, தேர்ந்தெடுப்பவர் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வது பயன் தரும். இணையம் இல்லாதபோது இதில் ஆட எதுவும் இருக்கிறதா? நாளை இது நிறுத்தப்பட்டால் எஞ்சுவது என்ன? இதில் வெல்வதற்குத் திறமை போதுமா, அல்லது விலையுயர்ந்த கைபேசியும் வேண்டுமா? நொடிக்குத் தொண்ணூறு சட்டகங்கள் காட்டும் வசதி எல்லாக் கைபேசிகளிலும் கிடைப்பதில்லை என்பதை நினைத்தால் மூன்றாம் வினாவின் பொருள் விளங்கும். கைபேசி மட்டுமே உள்ளவர் இலவச விளையாட்டைத் தாராளமாக ஆடலாம். அதில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இருமுறை எண்ணுவது நல்லது. வீட்டில் பழைய கணினி உள்ளவர், புதிய கிராபிக்ஸ் கார்டுக்கு ஏங்குவதைவிட, தனியாகவும் ஆடத்தக்க பழைய விளையாட்டுகளைத் தள்ளுபடிக் காலத்தில் வாங்குவது நிலைத்த முதலீடு. கன்சோல் வாங்குவோர் கருவியின் விலையோடு, கட்டண விளையாட்டுகளைப் பிறருடன் இணையத்தில் ஆடுவதற்கான சந்தாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தனிமனிதரின் எச்சரிக்கையால் மட்டும் இது தீராது. சேவையை நிறுத்தும் நிறுவனம் முன்னறிவிப்பு தர வேண்டும். அண்மையில் பெற்ற பணத்தைத் திருப்ப வேண்டும். தடை விதிக்கும் அரசு, பணம் கொடுத்து வாங்கியவர்களின் நிலை என்ன என்பதையும் அதே ஆணையில் சொல்ல வேண்டும். பேருந்துப் பயணச்சீட்டுக்கே பயணம் ரத்தானால் பணம் திரும்பும் நாட்டில் இது மிகையான கோரிக்கையன்று. ஒரு கைபேசியை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் அண்ணனும் தம்பியும் தங்கள் பொழுதையும் சேமிப்பையும் எதில் வைக்கிறோம் என்று தெரிந்து வைப்பதற்கு அதுவே குறைந்தபட்ச உறுதி.