பழைய இயந்திர வாளும் நெசவாளன் விரலும்

தென்னேரி ஏரியைச் சுற்றியுள்ள நமது அங்கத்தினர்களின் நிலங்களில் சீமைக் கருவேல மரங்கள் மண்டிக் கிடப்பதை யாவரும் அறிவர். இத்தகைய அயல்நாட்டுத் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் தனிக் கொள்கையே வகுத்தது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி கரை கடந்த வர்தா புயல் இம்மாவட்டத்தில் சாய்த்த மரங்களை அப்புறப்படுத்தக் கோடரியும் கைவாளும் போதாமற் போனதும் பலர்க்கு நினைவிருக்கும். ஆகவே, மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்றைச் சங்கமே வாங்கி, அங்கத்தினர்க்குக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே.

‘செயின் சா’ என்று நாம் வழக்கில் கூறும் இவ்வியந்திரம் புதிதாக வாங்கினால் விலை அதிகம். பழையது பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று சிலர் கூறுகின்றனர். இது பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிவின்றிக் கூற விரும்புகிறேன். பழையதை வாங்குவது குற்றமன்று. பாராமல் வாங்குவதே குற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தின் பெயரை இங்குக் குறிப்பிட வேண்டியதில்லை. அவர்கள் ஒரு மாலைப்பொழுதில் இத்தகைய இயந்திரம் ஒன்றை வாங்கினர். புதுப் பூச்சு பளபளத்தது. ஒரே இழுப்பில் ஓடியது. ஆனால் வாங்கச் சென்றோர் வருமுன்னரே விற்றவர் அதனை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார் என்பது மறுநாட் காலையில்தான் விளங்கிற்று. குளிர்ந்த இயந்திரத்தைக் கயிறு பற்றி இழுத்திழுத்துத் தோள் சோர்ந்ததே மிச்சம். பழுது பார்த்த செலவு விலையில் பாதியைத் தாண்டிற்று. நான் சென்றபோது தீர்மானம் இருந்தது, ரசீது இருந்தது, இருப்புப் பதிவேட்டில் இயந்திரமும் இருந்தது. யாவும் சரியென்று குறியிட்டுத் திரும்பினேன். காகிதம் சரியாக இருந்தது, பொருள் சரியாக இல்லை. அதனைக் கேளாமல் வந்தது என் பிழையும் ஆகும். அப்பிழையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

முதலாவதாக, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்க்க வேண்டும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகக் கூறித் திரும்புவதே விவேகம். பின்னர், சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பற்றி இயந்திரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நல்ல இயந்திரம் தயங்கித் தயங்கி இறங்கும். சிலிண்டரும் பிஸ்டன் வளையமும் தேய்ந்தது தடையின்றிச் சரசரவென்று இறங்கிவிடும். இது உத்தேசமான சோதனையே. அழுத்தமானி வைத்திருக்கும் மெக்கானிக் இதனைத் திட்டமாகக் கூறுவார்.

இரண்டாவதாக, சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று திருகாணிகளே. அத்துவாரத்தின் வழியாக விளக்கொளியில் பிஸ்டனைக் காணலாம். மேற்புறம் வழவழப்பாக இருப்பின் நன்று. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருப்பின், எண்ணெய் கலவாத பெட்ரோலை ஊற்றி யாரோ ஓட்டியிருத்தல் கூடும். இவ்வகை இயந்திரத்தின் எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலக்கும் எண்ணெயே அதன் உயிர். இன்றைய இயந்திரங்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது அளவு. கீறல் விழுந்த இயந்திரம் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

மூன்றாவதாக, தேய்வு வேறு, கேடு வேறு என்பதை நாம் பகுத்தறிய வேண்டும். தறியில் நாடா தேயும், விழுது அறும்; அவற்றை மாற்றிக்கொள்கிறோம். தறிமரமே கோணியிருந்தால் யார் வாங்குவார்? அதுபோலவே சங்கிலி, அது ஓடும் நீள்தகடு, அதனை இழுக்கும் பல்சக்கரம் ஆகிய மூன்றும் தேய்வதற்கென்றே உள்ளவை. பல்சக்கரத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பின் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். அச்செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அதற்காக நல்ல இயந்திரத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

நான்காவதாக, ஓடவிட்டுப் பாருங்கள். விசையை விட்டபின் இயந்திரம் நிதானமாக ஓட வேண்டும். சங்கிலி அசையாது நிற்க வேண்டும். இப்புறமும் அப்புறமும் சாய்க்கும்போது வேகம் ஏறி இறங்கினால் எங்கேனும் காற்றுக் கசிகிறதோ என ஐயுற வேண்டும். தகட்டின் நுனியை வெள்ளைக் காகிதத்தின் மேல், அதனைத் தொடாமற் பிடித்து வேகப்படுத்தினால் எண்ணெய்த் துளிகள் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்காவிடின் சங்கிலிக்கு எண்ணெய் செல்லவில்லை.

இவையனைத்தும் பணத்தைப் பற்றியன. இனிக் கூறுவது உடலைப் பற்றியது. தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் இயந்திரம் கணப்பொழுதில் ஆளின் முகத்தை நோக்கி எகிறும். அவ்வேளையில் காப்பது முன்கைக் காப்புடன் இணைந்த பிரேக் ஒன்றே. சங்கிலி ஓடும்போது காப்பை முன்னே தள்ளினால் அது உடனே நிற்க வேண்டும். நில்லாத இயந்திரம் இனாமாகக் கிடைத்தாலும் சங்கத்துக்குள் வரலாகாது.

மற்றொன்று, கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் புஷ்கள். இவை கிழிந்திருப்பதை விற்பவர் அற்பமென்பார். ஆனால் தறி ஓடாத நாட்களில் மரம் அறுக்கும் கூலிக்குச் செல்வோர் நம் நெசவாளரே அல்லரோ? அதிரும் இயந்திரத்தை நெடுங்காலம் பிடிப்போரின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதையும், விரல்நுனியின் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கேடுறுவதையும் மருத்துவர்கள் தனி நோயாகவே கண்டிருக்கின்றனர். கோர்வை போடும் காஞ்சிப் பட்டு நெசவாளனுக்கு விரல்நுனியே இரண்டாவது கண். உணர்ச்சியற்ற விரலால் அறுந்த இழையை எங்ஙனம் தேடுவான்? சில நூறு ரூபாய் ரப்பரைப் பொருட்படுத்தாத சிக்கனம் அவனது தொழிலையே விலையாகக் கேட்கும்.

இவ்வளவு சோதனைக்கு விற்பவர் இணங்குவாரா என்று கேட்கலாம். இணங்காதவரிடம் வாங்காதிருப்பதே பதில். பெயர்பெற்ற ஸ்டில், ஹஸ்க்வர்னா இயந்திரங்களின் நிறத்தையும் வடிவையும் ஒத்த போலிகளும் உலவுவதால், வரிசை எண்ணையும் முதல் ரசீதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவன்று. நமக்கு இயந்திர ஞானம் ஏது என்போர், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாட்கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லலாம்.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு என் யோசனை இதுவே. வாங்கச் செல்வோருள் ஒருவர் இயந்திரத்தைப் பிடித்து உழைக்கப்போகும் அங்கத்தினராக இருக்கட்டும். மேற்கூறிய சோதனைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் முடிவையும் குறித்து, ரசீதுடன் இணைத்துக் கோப்பில் வைக்கட்டும். விலையும் பழுதுச் செலவும் சேர்ந்து புதிய இயந்திர விலையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினால் புதியதையே வாங்கட்டும். தலைக்கவசம், முகமறைப்பு, காற்காப்பு ஆகியவற்றின் செலவையும் முதலிலேயே மதிப்பீட்டில் சேர்க்கட்டும். ஏரிக்கரை முதலிய பொது இடத்து மரங்களுக்கு உரிய அனுமதி பெறாமல் இயந்திரத்தை வெளியே அனுப்பலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பாவு நீட்டுமுன் ஒவ்வோர் இழையையும் விரலால் தடவிப் பார்ப்பது நம் வழக்கம். பலர் கையிலிருந்து வந்த பங்குப் பணத்தைக் கொடுக்குமுன்னும் அவ்வாறே தடவிப் பார்ப்போமாக. இனி ஆய்வுக்கு வரும்போது நானும் ரசீதோடு நின்றுவிடாமல், அந்தத் தாளையும் கேட்பேன். இயந்திரத்தின் கயிற்றையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன்.