தூணை உருவிப் பார்த்தவர்கள்

"சொந்தச் சரக்கு தீர்ந்துபோனவன்தான் தம்பி, செத்தவன் பாட்ட எடுத்து வாசிப்பான்."

மாமாக் கடையில் ஓர் அண்ணன் இப்படிச் சொன்னார். பேச்சு ஜோ ஹெண்டர்சனின் 'லஷ் லைஃப்' ஆல்பத்தைப் பற்றி. ஜாஸ் கேட்பதில் அவர் எனக்கு மூத்தவர். ஆனால் மூத்த கலைஞர் ஒருவர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பழைய இசையமைப்பாளருக்கு அஞ்சலி ஆல்பம் போட்டால் மட்டும் அவருக்கு ஆகாது. கம்பெனிக்கு விற்பனை, கிழவருக்கு விருது, கேட்கிறவனுக்குத் தாலாட்டு, அவ்வளவுதானாம். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. தே தாரிக் ஆறிப்போனதுதான் மிச்சம். இதோ, இப்போது சொல்கிறேன்.

அவர் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் ஒத்துக்கொள்கிறேன். ஹெண்டர்சன் 1963இல் 'பேஜ் ஒன்' ஆல்பத்தோடு வந்தவர். 'ரெக்கார்டா மி', 'இன்னர் அர்ஜ்', 'பிளாக் நார்சிசஸ்' என்று சொந்தமாக எழுதியவர். கிட்டத்தட்ட முப்பது வருடம் சக கலைஞர்களின் மரியாதை அவருக்கு இருந்தது. பெரிய கூட்டம் இல்லை. 1992இல் பில்லி ஸ்ட்ரேஹார்னின் இசையை வாசித்த பிறகுதான் கூட்டம் வந்தது, கிராமி வந்தது. அடுத்தது மைல்ஸ் டேவிஸ், அதற்கடுத்தது ஜோபிம், பிறகு கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்'. தன் பாடல்களைப் பெரிய இசைக்குழுவோடு வாசித்த ஆல்பம் நடுவே ஒன்றுதான். ஐம்பத்து நாலு வயதுக்காரரை அவர் பெயருக்காக வாங்காமல் இன்னொருவர் பெயருக்காக வாங்கிய சந்தை அது. கோபம் நியாயம்தான். அதைச் சந்தைமேல் காட்டுவோம். ஆல்பத்தைக் காது கொடுத்துக் கேட்காமலே தண்டிப்பது என்ன நீதி?

நான் கட்டடப் பொறியாளன். பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும் வேலை வந்தால் முதலில் தேடுவது, எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்பதைத்தான். பூச்சைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. தட்டிப் பார்க்கணும், சில இடங்களில் உடைத்தே பார்க்கணும். 'லஷ் லைஃப்' எனக்கு அந்த மாதிரிச் சோதனையாகத்தான் கேட்கிறது.

ஸ்ட்ரேஹார்ன் 1939 தொடங்கி 1967இல் இறக்கும்வரை டியூக் எலிங்டனோடு இருந்தவர். பதினைந்து பேருக்கு மேல் இருந்த குழுவுக்காக எழுதினார். 'டேக் தி ஏ டிரெய்ன்' அந்தக் குழுவின் அடையாளப் பாட்டு. இன்றைக்கும் பலர் அதை எலிங்டனுடையது என்றே நினைக்கிறார்கள். எலிங்டன் குழுவின் ஒலி அவ்வளவு செழிப்பு. அந்தச் செழிப்புக்குள் ஸ்ட்ரேஹார்ன் எங்கே நிற்கிறார் என்று பிரித்துக் காண்பது லேசில்லை.

ஹெண்டர்சன் பிரித்துக் காட்டுகிறார். அவரோடு டிரம்பெட்டில் விண்டன் மார்சாலிஸ், பியானோவில் ஸ்டீஃபன் ஸ்காட், பாஸில் கிறிஸ்டியன் மெக்பிரைட், டிரம்ஸில் கிரகரி ஹட்சின்சன். நால்வரும் அவரைவிட வெகு இளையவர்கள். ஆனால் ஐந்து பேரும் சேர்ந்து வாசிப்பது சில பாட்டுகளில்தான். 'இஸ்ஃபஹான்' சாக்ஸஃபோனும் பாஸும் மட்டும். 'லோட்டஸ் பிளாசம்' சாக்ஸஃபோனும் பியானோவும். 'ஏ டிரெய்ன்' சாக்ஸஃபோனும் டிரம்ஸும். அதாவது கார்டு பிடித்துத் தர ஒரு வாத்தியம்கூட இல்லை. அப்படியும் கார்டு மாறும் இடங்கள் நம் காதில் விழுகின்றன, யாருமே அதை வாசிக்காதபோதும். மெட்டே அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. கடைசியில் 'லஷ் லைஃப்' வரும்போது ஹெண்டர்சன் தனியாக நிற்கிறார். ஒவ்வொரு தூணாக உருவியாச்சு. கட்டடம் விழவில்லை.

இதைத்தான் அண்ணன் தாலாட்டு என்கிறார். எனக்கு இது விமர்சனம். ஸ்ட்ரேஹார்ன் எலிங்டனின் நிழல் இல்லை என்பதை ஒரு கட்டுரையாளர் நாற்பது பக்கத்தில் வாதாடலாம். ஹெண்டர்சன் வாசித்தே நிரூபிக்கிறார். சிறு குழு ஏன் வேண்டும் என்பதற்கும் இதுதான் பதில். பதினைந்து பேருக்கு நடுவே ஒளிந்துகொள்ளலாம், இரண்டு பேரில் முடியாது. வாசிப்பவருக்கும் சரி, எழுதியவருக்கும் சரி.

"செத்தவன் பாட்டு" என்பதற்கும் ஒன்று சொல்லணும். தெலோனியஸ் மங்க்கின் நடுப்பெயர் ஸ்ஃபியர். அந்தப் பெயரிலேயே நால்வர் ஒரு குழு தொடங்கினார்கள். அதில் சார்லி ரவுஸ் 1959லிருந்து 1970வரை மங்க் பக்கத்தில் நின்று சாக்ஸஃபோன் வாசித்தவர். பென் ரைலி மங்க் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பியானோவில் கென்னி பேரன், பாஸில் பஸ்டர் வில்லியம்ஸ். முழுக்க மங்க் பாடல்களோடு 'ஃபோர் இன் ஒன்' ஆல்பத்தை அவர்கள் பதிவு செய்த நாள் 17 பிப்ரவரி 1982. மங்க் இறந்ததும் அதே நாள். சாவுக்குக் காத்திருந்து போட்ட ஆல்பம் அல்ல அது. மேடையைவிட்டு விலகி வருடக்கணக்காக மௌனமாக இருந்த ஒரு மனிதர் உயிரோடு இருந்தபோதே திட்டமிட்டது. கேட்டுப் பாருங்கள், பேரன் மங்க்கைப் போல முரட்டுத்தனமாகப் பியானோவைத் தட்டவே இல்லை. வழவழப்பாகத் தன் கையால் வாசிக்கிறார். மங்க்கின் கோணல் அப்படியே இருக்கிறது. அது விரலில் இல்லை, எழுத்திலேயே இருக்கிறது என்று அப்போதுதான் புரியும்.

மோசமான அஞ்சலி ஆல்பங்கள் குவிந்து கிடக்கின்றன, மறுக்கவில்லை. மூலத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பவை. எனக்கு அளவுகோல் ஒன்றுதான்: கேட்டு முடித்துவிட்டு மூலத்துக்குத் திரும்பினால், அது முன்பு கேட்ட மாதிரியே கேட்கிறதா? அப்படியென்றால் அந்த ஆல்பம் தண்டம்.

எழுத்தாளர் மறைந்தால் நம் கூட்டங்களிலும் படம் வைத்து மாலை போடுகிறோம், "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்கிறோம், அவருடைய ஒரு கதையைக்கூடத் திறக்காமல் மீ கோரேங் சாப்பிட்டுவிட்டுக் கலைகிறோம். ஹெண்டர்சன் செய்ததை அங்கே யாராவது செய்தால் மரியாதை தெரியாதவன் என்று பெயர் வாங்குவார்.

அண்ணே, அடுத்த முறை தே தாரிக் என் கணக்கு. 'லஷ் லைஃப்' ஆல்பத்தில் ஏழாவது பாட்டைக் கேட்டுவிட்டு வாங்க. சாக்ஸஃபோனும் டிரம்ஸும் மட்டும்தான். அதற்கப்புறம் சொல்லுங்க, யாருடைய சரக்கு தீர்ந்துபோச்சுன்னு.