வெரிபீ ரிப்பேர் டைரி – 9: ஊமையாப் போன ஹார்ன்

போன வாரம் வைப்பர், இந்த வாரம் ஹார்ன். "ஹார்னுக்கெல்லாம் ஒரு பதிவா?"ன்னு கேக்கறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க :-)

நம்மூர்ல ஹார்ன் இல்லாத வண்டி தெருமுனையைத் தாண்டாது. லாரி பின்னாடி "சவுண்ட் ஹார்ன்"னு எழுதி, அடிங்கய்யான்னு நாமளே கூப்பிடுவோம். (மகாராஷ்டிராவுல "ஹார்ன் ஓகே ப்ளீஸ்" எழுதறதை 2015ல தடை பண்ணினாங்க.) வெரிபீல கதை தலைகீழ். வாட்டன் ஸ்ட்ரீட்ல அரைமணி நேரம் நின்னாலும் ஒரு 'பீப்' கேட்டா அதிசயம். சட்டமும் அப்படித்தான் இருக்கு. விக்டோரியாவோட 2017 சாலை விதிகள்ல 224வது விதி, நம்ம வண்டி வர்றதை மத்தவங்களுக்கோ மிருகங்களுக்கோ எச்சரிக்கத் தேவைப்பட்டா மட்டும்தான் ஹார்ன் அடிக்கணும்னு சொல்லுது. குறுக்க வர்ற கங்காருவுக்கு அடிக்கலாம். ரோட்டுல பார்த்த நண்பனுக்கு 'டாட்டா' சொல்ல அடிக்கக் கூடாது.

நல்ல விதிதான். ஆனா இதுல ஒரு சிக்கல். யாருமே அடிக்கறதில்லைங்கறதால, ஹார்ன் செத்துப் போனாலும் யாருக்கும் தெரியறதில்லை. சிட்னி நண்பர்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன காருக்கு வருஷா வருஷம் 'பிங்க் ஸ்லிப்' செக்கிங் உண்டு. விக்டோரியாவுல அந்த வருடாந்திரச் சோதனை கிடையாது. வண்டியை விக்கும்போது ரோட்வொர்த்தி சர்ட்டிஃபிகேட் வேணும், அதோட சரி. ஒருத்தரே அஞ்சாறு வருஷம் ஓட்டினா அத்தனை வருஷமும் ஹார்னை யாரும் தொடாமலே போயிடலாம்.

இப்ப எங்க வீட்டு கேஸுக்கு வருவோம்.

எங்க வீட்ல மூணு பேர். கடைசியா வந்த தம்பி மதுரைக்காரன். 2006 மாடல் ஜப்பான் கார் ஒண்ணு வச்சிருக்கான், ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டினது. தற்காலிக விசாக்காரங்க ஆறு மாசத்துக்கு மேல இங்க இருந்தா விக்டோரியா லைசென்ஸுக்கு மாறணும்னு 2023 அக்டோபர் 29ல இருந்து விதி வந்துடுச்சில்ல, அதனால இந்திய லைசென்ஸ் வச்சிருந்தாலும் இங்க ஓட்டிக் காட்டணும். அவனுக்கு வியாழக்கிழமை டெஸ்ட். ஓட்டறதுக்கு முன்னாடி இண்டிகேட்டர், பிரேக் லைட், வைப்பர், ஹார்ன் எல்லாம் வேலை செய்யுதான்னு ஆபீஸர் பார்ப்பார். திங்கட்கிழமை சாயந்திரம் அதை ஒத்திகை பார்க்கும்போதுதான் தெரிஞ்சது.

"அண்ணே, ஹார்ன் அடிக்க மாட்டேங்குதுண்ணே."

ரிப்பேர்ல இறங்கறதுக்கு முன்னாடி ஹார்ன் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கலாம். பள்ளிக்கூடத்துல ஃபிசிக்ஸ்ல காலிங் பெல் படம் வரைஞ்சோமே, அதோட பங்காளிதான் இது. மின்காந்தம் ஒரு இரும்புத் தகட்டை இழுக்கும். இழுத்ததும் கான்டாக்ட் விட்டுப்போகும், தகடு திரும்பி வரும், மறுபடி இழுக்கும். இப்படி செகண்டுக்கு சுமார் நானூறு தடவை அதிர்றதுதான் 'பாம்ம்ம்'. இதுக்கு நல்ல கரண்ட் வேணும். அவ்வளவையும் ஸ்டீயரிங் வழியா விட முடியாதுங்கறதால நடுவுல ரிலே. ஸ்டீயரிங் பட்டன் ரிலேவைத் தட்டும், ரிலே ஹார்னுக்குக் கரண்ட் விடும். ஆக, தேட வேண்டிய இடம் அஞ்சுதான்: ஃபியூஸ், ரிலே, ஹார்ன், வயரும் எர்த்தும், ஸ்டீயரிங். காசு கம்மியானதுல இருந்து ஆரம்பிக்கணும்.

1. காது. இது இலவசம். ஒருத்தர் பட்டனை அமுக்க, இன்னொருத்தர் பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பாக்ஸ் பக்கத்துல காதை வைக்கணும். 'டிக்'னு சத்தம் வந்தா ஸ்டீயரிங்ல இருந்து ரிலே வரைக்கும் சரி, கோளாறு ரிலேவுக்கு அந்தப் பக்கம் (ரிலேக்குள்ள இருக்கற கான்டாக்ட் தேஞ்சிருந்தாலும் 'டிக்' மட்டும் கேக்கும்). 'டிக்' வரலைன்னா இந்தப் பக்கம். சத்தமே வராம போகாம, சோனியா மட்டும் கேட்டா ரெட்டை ஹார்ன்ல ஒண்ணு போயிருக்கலாம்.

2. ஃபியூஸ். எந்த இடம்னு மேனுவல்லயோ ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலயோ இருக்கும். நிறைய கார்ல 10 ஆம்ப் (சிவப்பு) இல்ல 15 ஆம்ப் (நீலம்). உள்ள கம்பி அறுந்திருந்தா அதே ஆம்பியர்ல புதுசு போடுங்க. "பெருசாப் போட்டா தாங்கும்"னு 30 போட்டீங்கன்னா அடுத்து எரியறது வயர். புது ஃபியூஸும் உடனே போச்சுன்னா எங்கேயோ ஷார்ட் இருக்கு, அதைக் கண்டுபிடிக்காம மூணாவது ஃபியூஸ் போடாதீங்க.

3. ரிலே. அதே பாக்ஸ்ல அதே நம்பர் போட்ட ரிலே இன்னொண்ணு அநேகமா இருக்கும். ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க. நம்பர் ஒத்துப்போகணும், உருவம் ஒத்துப்போனா போதாது.

4. ஹார்ன். முன் கிரில்லுக்குப் பின்னாடி மழைத்தண்ணி, மண் எல்லாம் வாங்கிட்டு உக்காந்திருக்கற ஜீவன் இது. கனெக்டரைக் கழட்டி மல்டிமீட்டரை வச்சு, பட்டனை அமுக்கச் சொல்லுங்க. 12 வோல்ட் வந்தும் ஹார்ன் கத்தலைன்னா ஒண்ணு ஹார்ன் போச்சு, இல்ல எர்த் போச்சு. ஒத்தை வயர் ஹார்னா இருந்தா அதைப் பிடிச்சிருக்கற பட்டையே எர்த். அந்த போல்ட்ல துரு ஏறியிருந்தா கழட்டி, உப்புத்தாள்ல தேய்ச்சு முடுக்கினாலே பல ஹார்ன் பேச ஆரம்பிச்சுடும்.

தம்பி கார்ல 'டிக்' வரலை. ஃபியூஸ் நல்லா இருந்தது. ரிலே மாத்தியும் மௌனம். சரின்னு ஸ்டீயரிங்கை இடது பக்கம் முக்கால் சுத்து திருப்பி அமுக்கச் சொன்னேன். 'பீ'ன்னு சின்னதா ஒரு சத்தம்! நேரா வச்சா மறுபடி ஊமை. அப்புறம்தான் டேஷ்போர்டைப் பார்த்தேன். சிவப்புல ஒரு லைட், ஆளு முன்னாடி பலூன் இருக்கற படம்.

"இது எப்பலேர்ந்து எரியுது?"

"வாங்கி ஒரு மாசத்துலயே எரிய ஆரம்பிச்சதுண்ணே. வித்தவர்கிட்ட கேட்டேன். சென்சார் தொல்லை, கண்டுக்காதீங்கன்னாரு."

இதுதான் அஞ்சாவது இடம். ஸ்டீயரிங் சுத்திக்கிட்டே இருக்கும், அதுக்குப் பின்னாடி இருக்கற வயர் சுத்தாது. ரெண்டையும் இணைக்க கேசட் நாடா மாதிரி சப்பையான ஒரு கேபிளைச் சுருட்டி டப்பாவுல வச்சிருப்பாங்க. கிளாக் ஸ்பிரிங்னு பேரு, சில கம்பெனிகள் ஸ்பைரல் கேபிள்னு சொல்லும். வருஷக்கணக்கா சுருண்டு விரிஞ்சு அது ஒரு நாள் அறுந்துடும். அதே நாடாவுலதான் டிரைவர் ஏர்பேக்குக்குப் போற லைனும் ஓடுது. ஒரே நாடாவுல பல இழை. இன்னைக்கு ஹார்ன் இழை அறுந்தா நாளைக்கு ஏர்பேக் இழை. இவன் கேஸ்ல ரெண்டுமே போயாச்சு. அந்த லைன் அறுந்திருந்தா, இடிச்ச நேரத்துல ஏர்பேக் விரியாம போகலாம்.

இது ஏதோ ஓட்டை காருக்கு மட்டும் வர்ற வியாதின்னு நினைக்காதீங்க. 2014 ஏப்ரல்ல டொயோட்டா உலகம் முழுக்க 60 லட்சத்துக்கு மேல வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. அதுல சுமார் 35 லட்சம் வண்டிக்குக் காரணம் இந்த ஸ்பைரல் கேபிள்தான், டிரைவர் ஏர்பேக் வேலை செய்யாம போகலாம்னு.

தம்பி உடனே நம்மூர் மூளையைத் தட்டினான். "அண்ணே, இருபது டாலருக்கு ஒரு புஷ் பட்டன் வாங்கி டேஷ்போர்டுல மாட்டி, நேரா ரிலேக்கு வயர் இழுத்துட்டா? டெஸ்டுக்கு ஹார்ன் அடிக்கும்ல?"

அடிக்கும், அதுதான் பிரச்சினையே. ஹார்ன் கத்திட்டா மனசு சமாதானமாயிடும், சிவப்பு லைட் கண்ணுக்குப் பழகிடும். இவன் வாரத்துல மூணு ராத்திரி வேலை முடிஞ்சு பிரின்சஸ் ஃப்ரீவேல 100ல வர்றவன். மெக்கானிக் 420 டாலர் சொன்னார். படிக்கிற பருவத்துல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம்னு விசா கட்டுப்பாடு இருக்கறவனுக்கு 420 டாலர்னா என்னன்னு இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். அவன் ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம் நானும் இன்னொரு ரூம்மேட்டும் ஆளுக்கு நூறு டாலர் கடனாக் கொடுத்தோம். மீதி அவன். டெஸ்டுக்கு டிரைவிங் ஸ்கூல் கார்ல போனான், பாஸ். வெள்ளிக்கிழமை காரை விட்டோம். டிரைவர் ஏர்பேக் லைன் துண்டிச்சிருக்குன்னுதான் ஸ்கேனர்லயும் காட்டிச்சு. புது கிளாக் ஸ்பிரிங் போட்டதும் ஹார்னும் வந்தது, லைட்டும் அணைஞ்சது.

"நீதான் மத்த எல்லாத்தையும் நீயே பண்றியே, இதை ஏன் பண்ணலை?"ன்னு கேப்பீங்க. முதல் நாலு இடமும் யாரும் பார்க்கலாம். ஸ்டீயரிங் நடு மூடியைக் கழட்டறது அப்படி இல்லை. அதுக்குள்ள இருக்கறது வெடிச்சு விரியற சாமான். பேட்டரியைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் சார்ஜ் நிக்கும். மஞ்சள் கனெக்டர் தெரிஞ்சா அது ஏர்பேக் லைன், அதுல மல்டிமீட்டரோ டெஸ்ட் லாம்போ வைக்கவே கூடாது. புது கிளாக் ஸ்பிரிங்கைச் சரியா நடுவுல நிறுத்தாம மாட்டினா முதல் யூ-டர்ன்லயே அறுந்துடும். இதுல மிச்சம் பிடிக்கிற காசு நமக்கு வேணாம் சாமி.

பழைய கார் வாங்கப் போற மக்களுக்கு நாலு வரி:

– சாவியை ஆன் பண்ணினதும் ஏர்பேக் லைட் சில செகண்ட் எரிஞ்சு அணையணும். அணையவே இல்லைன்னாலும் கோளாறு, எரியவே இல்லைன்னாலும் சந்தேகம். பல்பைப் புடுங்கிட்டு விக்கிற ஆசாமிகள் உண்டு.

– ஸ்டீயரிங்கை நேரா, முழு இடது, முழு வலதுன்னு மூணு நிலையிலயும் வச்சு ஹார்ன் அடிச்சுப் பாருங்க.

– வின் நம்பரை வச்சு ரீகால் பாக்கி இருக்கான்னு கம்பெனியில கேளுங்க. டகாட்டா ஏர்பேக் விவகாரம் வேற கோளாறு, வெடிக்கும்போது இரும்புத்துண்டு பறக்கற ரகம். 2017 ஜூலைல சிட்னி கப்ரமட்டாவுல ஒருத்தர் அதுல இறந்தார். 2018ல அரசே கட்டாய ரீகால் போட்டு, சுமார் 30 லட்சம் வண்டி அதுல வந்தது.

– கார் ஏற்கெனவே இருந்தா ஞாயித்துக்கிழமை டயர் காத்து பார்க்கறப்ப, வீட்டு டிரைவ்வேல பகல்ல ஒரே ஒரு தடவை ஹார்னை அமுக்குங்க. பக்கத்து வீட்டுக்காரர் முறைச்சா ஒரு சிரிப்பு சிரிச்சு வைங்க :-)

சிட்னி மக்கா, பிங்க் ஸ்லிப்புல ஹார்னால மாட்டின அனுபவம் இருந்தா சொல்லுங்க. அடுத்த வாரம்: ஹீட்டர் போட்டா ஏன் சாக்கடை வாசனை வருது?

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, மாஸ்டர்ஸ் படிக்கிற பையன். ஃபியூஸ் வரைக்கும் என்னை நம்பலாம். ஏர்பேக்னா கேரேஜ்தான்.