அடங்கலில் ஏறாத நெல்

தை, மாசியில் திருவாரூர், நாகை பக்கம் கொள்முதல் நிலைய வாசல்களில் சம்பா நெல் குவிகிறது. எத்தனை மூட்டை தேங்கியது, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதா என்றெல்லாம் அன்றாடம் செய்தி வருகிறது. அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

கையறுப்புக் காலத்தில் அரிவாளுக்குத் தப்பிய கதிரும், கட்டுத் தூக்கும்போது உதிர்ந்த கதிரும் சேரிப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை. கட்டெல்லாம் களத்துக்குப் போன பிறகு வயலில் இறங்குவார்கள். பொறுக்கிய கதிரைக் காலால் கசக்கி, முறத்தில் புடைத்தால் சில நாள் கஞ்சிக்கு ஆகும். எலி வளையைத் தோண்டினால் இன்னும் கொஞ்சம். (படிக்கிற பிள்ளைகள் வீட்டில் அப்பாயியிடம் கேட்டுப் பாருங்கள், வளை தோண்டும் நுணுக்கத்தை அவர் சொல்வார்.)

மிராசுதார்கள் இதைத் தருமம் என்றார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுத்தவர்களுக்கு அளந்த கூலி போதவில்லை, அந்தக் குறையைப் பொறுக்கிய நெல் நிரப்பியது. ஆக, அது எழுதப்படாத கூலி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்கு முன் நடந்த தகராறு, கூடுதலாகக் கேட்ட அரைப்படி நெல்லைப் பற்றியது. இந்த மண்ணில் ஒரு படி நெல்லுக்கு என்ன மதிப்பு என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அறுப்பது இயந்திரம். மழை மிரட்டும்போது விவசாயி அதைத்தான் நம்ப முடியும், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இயந்திரம் கதிரை விட்டுச் செல்வதில்லை. வேகமாக ஓட்டினால் நெல்மணி வைக்கோலோடு பின்னால் பறந்து, சேற்றில் சக்கரத் தடத்துக்குள் புதைகிறது. குனிந்து பொறுக்கிய கதிர் போய், துடைப்பத்தால் கூட்டி, மண்ணோடு அள்ளி, சலிக்க வேண்டிய மணியாகிவிட்டது. நாள் முழுக்கக் கூட்டினாலும் கிடைப்பது சொற்பம். கூரைக்கும் மாட்டுக்கும் வந்த வைக்கோலும் உருளையாகக் கட்டப்பட்டு லாரி ஏறுகிறது. அறுப்புக் கூலி போனது கணக்கில் தெரிகிறது, இவை போனது எந்தக் கணக்கிலும் இல்லை.

சரி, ஒருவர் ஒரு மூட்டை சேர்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கொள்முதல் நிலையத்தில் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். நிலமே இல்லாதவர் எங்கே போவார்? தனியார் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். வெளியூர் வியாபாரிகள் புகுந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி என்கிறார்கள். நியாயம்தான், ஆனால் 40 கிலோ மூட்டை ஒன்றால் எந்த வியாபாரி கொழுப்பார்?

2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்களில் நூற்றுக்கு 34 பேர் பட்டியல் இனத்தவர். இவர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் போகிறவர்கள். இவர்களுக்கு இருந்த 100 நாள் வேலைக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் என்கிறது. அதே சட்டம் விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்கிறது. வயல் வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம். டெல்டாவில் அறுவடைக்கு ஆள் எங்கே தேவைப்படுகிறது? இயந்திரம் வயலில் நிற்கும், அரசு வேலையும் நிற்கும், சிந்திய நெல்லும் சேற்றில் கிடக்கும்.

அந்த 60 நாளை அறிவிக்க வேண்டியது மாநில அரசு. இயந்திர அறுவடை நடக்கும் வட்டங்களில் தை, மாசியை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. நிலமற்ற குடும்பத்தின் ரேஷன் அட்டைக்கு ஒரு பருவத்தில் இரண்டு மூட்டை நெல்லை அடங்கல் கேட்காமல் அரசு விலைக்கு எடுக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இந்த இரண்டையும் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்போம்.