காதலைச் சொன்னால் கதை முடிந்ததா?

'கிமி நி தொடோகே' அனிமேயை ரெண்டு சீசன் பார்த்துவிட்டு, "கதை தெரியும் சார்" என்பவரா நீங்கள்? ஸாரி, உங்களுக்குப் பாதிக் கதைகூடத் தெரியாது.

கருஹோ ஷீனாவின் மாங்கா (ஊறுகாய் அல்ல, ஜப்பானியப் படக்கதை) 2005 முதல் 2017 வரை 30 தொகுதிகள். அனிமேயோ, பேய்ப் பெண் என்று வகுப்பே ஒதுக்கிய சவாகோவும் கஸெஹயாவும் 2011-ல் காதலைச் சொன்னதுமே 'சுபம்' போட்டுவிட்டது. அடுத்த சீசன் வந்தது 2024-ல். 13 வருஷம்! பார்த்த பிள்ளைகளுக்கே கல்யாணமாகியிருக்கும்.

நான் பி.காம். ஆசாமி. குடோனில் சரக்கிருக்க, கடையைப் பூட்டினால் கோபம் வரும். காதலைச் சொல்வதா வளர்வது? சொன்னபின் வரும் தயக்கம், மனஸ்தாபம், 'நீ எந்த ஊர் காலேஜ்?' என்கிற பயம்... அதுதானய்யா வளர்வது!

டி.வி.யை அணைத்துவிட்டு மாங்காவை எடுங்கள். வலமிருந்து இடமாகப் படிக்கணும், அவ்வளவுதான்.