விருந்தினர் வராத மாதங்கள்

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். அதில் இரண்டு சிறு வீடுகள் கட்டி, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறான் மகன். வெளிநாடுகளில் இப்படி நடத்துகிறார்களாமே! கூட்டம் வராத மாதங்களில் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
- ஒரு வாசகி, கொடைக்கானல் மலைப்பகுதி

பதில்: ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளைப் பார்த்தாலே இதற்கு விடை கிடைக்கும். அங்கே பண்ணைகள் சிறியவை, 'கிராஃப்ட்' என்பார்கள். பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு ஏக்கர்தான். அதோடு ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் ஒரு பங்கு உண்டு. குத்தகை விவசாயியை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று 1886-ம் ஆண்டுச் சட்டம் காப்பளித்தது. ஆனால், அந்த நிலம் மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்காது. அதனால் மீன்பிடி, நெசவு, மாதச் சம்பள வேலை என்று கூடவே ஒன்று இருக்கும். சுற்றுலாக் குடில்களும் அந்த வரிசையில் சேர்ந்தவைதான்.

குடில்களுக்குப் பருவம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. அதன் பிறகு விருந்தினர் வரத்து அருகிவிடும். டிசம்பர் கடைசியில் லூயிஸ் தீவில் பகல் வெளிச்சம் ஆறரை மணி நேரம்கூட இல்லை. கடல் நீரோட்டத்தால் பனி அதிக நாள் தங்குவதில்லை. காற்றுதான் பெரும் தொல்லை. புயல் அடித்தால் கப்பல் ஓடாது. ஆகவே தீவனம், எரிபொருள், வீட்டுச் சாமான் எல்லாம் முன்கூட்டியே வாங்கி இருப்பு வைக்கிறார்கள்.

ஆடுதான் முதலில்

நவம்பரில் பெட்டை ஆடுகளோடு கிடாவைச் சேர்க்கிறார்கள். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். இது எல்லா ஊருக்கும் ஒன்றுதான். இப்படிக் கணக்கிட்டுச் சேர்ப்பதால், ஏப்ரலில் புல் துளிர்க்கும்போது குட்டிகள் பிறக்கின்றன. நடுக் குளிர்காலத்தில் ஸ்கேன் செய்து, இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடுகளைப் பிரித்து, கூடுதல் தீவனம் கொடுக்கிறார்கள். கருக்குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான் நடக்கிறது. அப்போது தீவனத்தைக் குறைத்தால் தாய், குட்டி இரண்டுக்கும் ஆபத்து. நிலம் ஈரமாகவே கிடப்பதால் ஈரல் புழுவுக்கு மருந்து கொடுப்பதும் குளிர்கால வேலைகளில் ஒன்று.

புயல் கரையில் ஒதுக்கும் கடற்பாசியை யூயிஸ்ட் தீவு விவசாயிகள் அள்ளி, கடலோர மணல் நிலத்தில் பரப்புகிறார்கள். சாம்பல் சத்து கிடைக்கிறது, மணலும் பறக்காமல் நிற்கிறது. வசந்தத்தில் அங்கே ஓட்ஸ், பார்லி, ரை விதைப்பார்கள்.

குடிலுக்கும் வேலை உண்டு

பூட்டிப் போட்ட வீடு சீக்கிரம் கெடும். குழாய்களில் தண்ணீர் உறைந்தால் வெடித்துவிடும். எனவே தண்ணீரை முழுவதும் வடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் வீட்டைக் குறைந்த சூட்டில் வைக்கிறார்கள். கூரை, ஜன்னல், வண்ணம் பூசுதல் எல்லாம் இந்த மாதங்களில்தான். கோடைக்கான முன்பதிவுகளும் இப்போதே வரத் தொடங்கும். சில வீடுகளில் தறி ஓடும். 1993-ம் ஆண்டுச் சட்டப்படி, அத்தீவுகளில் வாழ்பவர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்த துணிக்குத்தான் 'ஹாரிஸ் ட்வீட்' என்ற பெயர்.

இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. விடுமுறை வீடுகள் பெருகப் பெருக, உள்ளூர் இளம் தம்பதிகளுக்குக் குடியிருக்க வீடு கிடைப்பது அரிதாகிறது. கோடையில் விளக்கெரியும் பல வீடுகள் குளிர்காலத்தில் இருண்டு கிடக்கின்றன. கிராஃப்ட் வைத்திருப்பவர் அதிலிருந்து 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், நிலத்தைத் தரிசாகப் போடக் கூடாது என்று சட்டம் சொல்வது இதனால்தான் இன்றும் முக்கியமாகிறது.

மகனிடம் பேசும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். ஒன்று, ஆண்டுக்கு ஐந்தாறு மாத வாடகையை மட்டுமே வரவில் எழுதுங்கள். கடன் தவணை அதற்குள் அடங்காவிட்டால் இரண்டு வீடு வேண்டாம், ஒன்றோடு தொடங்குங்கள். இரண்டு, பராமரிப்புக்கென்று வாடகையில் ஒரு பகுதியை எடுத்து வையுங்கள். மூன்று, மலைப்பகுதியில் கட்டடத்துக்குக் கூடுதல் அனுமதி தேவை. அது கைக்கு வரும்வரை அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். விளையும் மண்ணை விட்டுவிட்டு, பாறைப்பாங்கான மூலையில் கட்டுங்கள். விருந்தினர் வராத மாதத்திலும் அடுப்பு எரிய வேண்டுமென்றால் தோட்டம் தோட்டமாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: கடற்பாசியை அப்படியே வயலில் போடலாமா?
- ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: வேண்டாம். ஹெப்ரிடீஸில் பெய்யும் ஓயாத மழை உப்பைக் கழுவிவிடும். உங்கள் பகுதியில் அந்த அளவு மழை இல்லை. கரையில் ஒதுங்கியதை மட்டும் எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, சாணம், இலைதழையோடு சேர்த்து மக்கவைத்துப் போடுங்கள். ஏற்கெனவே உப்பு அதிகமுள்ள நிலமானால், மண் பரிசோதனை செய்யாமல் போட வேண்டாம்.