பெரட்டில் கேட்காத கேள்வி

இந்த வாரம் எனக்கு ஆத்திரம். கேகாலைப் பக்கத் தோட்டமொன்றில் மண்சரிவு ஒத்திகை நடந்தது. சங்கு ஊதியது. லயத்துச் சனம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. அதிகாரிகள் பேசினார்கள், படம் எடுத்தார்கள், வண்டியேறிப் போனார்கள். நடந்து வந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராணுவத்தில்கூட அப்படி விடுவதில்லை. 1943 நவம்பரில் மாக்கின் தீவுச் சண்டை முடிந்ததும் எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்க அதிகாரி, மீண்டுவந்த சிப்பாய்களை ஒன்றாக உட்காரவைத்து, பதவி பாராமல் எல்லாரையும் பேசவிட்டார். அவர் பின்னாளில் சொன்ன சில கணக்குகளை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஆனால் கூடிப்பேசும் வழக்கம் நிலைத்தது. 1980களில் கலிபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பயிற்சிக்களத்தில் அது முறையாக வளர்ந்தது. என்ன நடக்கவேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்தமுறை என்ன செய்யலாம்? இவ்வளவுதான் கேள்வி. யார் பிழை என்ற பேச்சே இல்லை. நடத்துகிறவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

நம் தோட்டங்களில் வேலைக்குமுன் ஆள் கூட்டும் பெரட்டு இதற்கு நேரெதிர். விடியலில் நிற்கவைத்து, நேற்றுக் கொழுந்து குறைந்தவளின் பெயரை எல்லார் முன்னாலும் சொல்வார்கள். எதிர்த்துப் பேசினால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பாட்டி காலத்திலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம், மேடையில் நின்று "ஏதாவது சொல்ல இருக்கா?" என்றால் யார் வாய் திறப்பார்கள்?

கூட்டம் கலைந்தபின் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "ராவுல மழ பெஞ்சா இந்தப் படி ஆறா ஓடும் தம்பி. புள்ளையத் தூக்கிக்கிட்டு எப்படி எறங்குறது?"

ஒத்திகை நடந்ததோ வெயிலடித்த காலையில். மலைக்குப் போயிருந்த பெண்கள் கணக்கிலேயே இல்லை. புள்ளக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விட்ட குழந்தைகளை யார் தூக்குவது என்பதும் பேச்சில் வரவில்லை.

இந்தப் பயம் வெறும் கற்பனையல்ல. 2016 மே 17இல் இதே கேகாலைப் பக்கத்தில், அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டிய களுபஹனவில் லயமே மண்ணுக்குள் போனது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பாயிரு, 100 என்றால் தயாராகு, 150 என்றால் வெளியேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இந்தக் கணக்கு நல்ல கணக்கு. ஆனால் 150இல் அந்தப் படிக்கட்டு எப்படியிருக்கும் என்பது அக்காவுக்குத்தான் தெரியும்.

அடுத்த ஒத்திகையைப் பின்னேரம் வையுங்கள். கொழுந்து நிறுத்தபிறகு, மடுவத்தில், தொரையும் கணக்கப்பிள்ளையும் சனத்தோடு உட்காரட்டும். தமிழில் பேசுங்கள். புள்ளக்காம்பரா ஆயாவை முதலில் கேளுங்கள், தொரை கடைசியில் பேசட்டும். சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், சொன்னவர் பெயரை எழுதவேண்டாம்.